தடத்தின் அகலமும் இடைவெளியும்: ஒரே கேள்விக்கு மூன்று விடைகள் வருகின்றன, எதை எடுத்துக்கொள்வது?

மின்தொடக்கம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு அடுக்குள்ள சுற்றுப்பலகை ஒன்றை இரண்டாம் முறையாக வரைந்துகொண்டிருக்கிறேன். முதல் பலகை ஏன் சரியாக வேலை செய்யவில்லை என்பதே எனக்கு இன்னும் முழுமையாக விளங்காததால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதில் 12 வோல்ட் டிசி மோட்டார் ஒன்று இருந்தது. ஓடும்போது அது 1.5 ஆம்பியர் எடுக்கும், தொடங்கும் கணத்தில் ஏறத்தாழ 6 ஆம்பியர் எடுக்கும். வரையும் மென்பொருள் தானாகக் கொடுத்த 0.25 மி.மீ. அகலத்தையே எல்லாத் தடங்களுக்கும், அதாவது மின்சாரம் செல்லும் செம்புக் கோடுகளுக்கும், விட்டுவிட்டேன். மின்சாரம் நுழையும் கனெக்டரின் அருகில் 5 வோல்ட் ரெகுலேட்டரும், அங்கிருந்து 80 மி.மீ. தள்ளி, பலகையின் மறுகோடியில், மோட்டார் டிரைவரும் மைக்ரோகன்ட்ரோலரும் இருந்தன. மோட்டாரின் மின்னோட்டமும் மைக்ரோகன்ட்ரோலரின் கிரவுண்டும் ஒரே தடத்தின் வழியாகத்தான் திரும்பி வந்தன. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தத் தடம் கையில் சூடாகத் தெரிந்தது. மோட்டார் தொடங்கும் ஒவ்வொரு முறையும் மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆனது. மின்னழுத்தம் 4.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ரீசெட் ஆகும்படி நானே அமைத்திருந்தேன்.

புதிய பலகையில் இரண்டு மோட்டார்கள் வருகின்றன. இரண்டும் ஓடும்போது சேர்ந்து 3 ஆம்பியர். அதோடு, 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும் ஹீட்டர் ஒன்றையும் ரிலே மூலம் இயக்க வேண்டும். பலகை 1.6 மி.மீ. தடிமனுள்ள எஃப்ஆர்-4 (கண்ணாடியிழையும் எபாக்சிப் பிசினும் சேர்ந்தது), அதன் மேலுள்ள செம்பு 35 மைக்ரான் தடிமன். 3 ஆம்பியருக்கு என்ன அகலம் வேண்டும் என்று மூன்று கணிப்பான்களில் பார்த்தேன். ஒன்று 0.9 மி.மீ. என்கிறது, இன்னொன்று 1.4 என்கிறது, மூன்றாவது 3.6 என்கிறது. இடைவெளியிலும் இதே குழப்பம்: ஓரிடத்தில் 0.15 மி.மீ. போதும் என்கிறார்கள், மற்றோரிடத்தில் 2.5, வேறோரிடத்தில் 6. எதை நம்பி வரைவது?

---

நெடுந்தடம் மறுமொழி:

உங்களுடைய மூன்று கணிப்பான்களும் ஒரே சூத்திரத்தைத்தான் பயன்படுத்தியிருக்கின்றன. ஐபிசி-2221 என்ற தரநிலையில் உள்ள அந்தச் சூத்திரத்தின்படி, மின்னோட்டம் என்பது ஒரு மாறிலியை, வெப்ப உயர்வின் 0.44 அடுக்காலும், தடத்தின் குறுக்குவெட்டுப் பரப்பின் 0.725 அடுக்காலும் பெருக்கினால் வருவது. பரப்பைச் சதுர மில்லில் போட வேண்டும், ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெளி அடுக்குக்கு மாறிலி 0.048, உள் அடுக்குக்கு 0.024. இதில் 3 ஆம்பியரையும் 35 மைக்ரானையும் போட்டு, 20 டிகிரி செல்சியஸ் உயர்வை ஏற்றுக்கொண்டால் 0.9 மி.மீ. வரும். 10 டிகிரிதான் ஏறலாம் என்றால் 1.37 மி.மீ. வரும். அதே 10 டிகிரியை வைத்து, உள் அடுக்கு என்று குறித்தால் 3.6 மி.மீ. வரும். ஆக, ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி ஒரு நிபந்தனையை நிரப்பி வைத்திருக்கிறது, நீங்கள் அந்தப் பெட்டிகளைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் பலகையில் உள் அடுக்கே இல்லாததால் மூன்றாவது விடையை ஒதுக்கிவிடலாம்.

10 டிகிரியா 20 டிகிரியா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பெட்டிக்குள் காற்றின் வெப்பம் 50 டிகிரி இருக்கும் என்றால், 20 டிகிரி உயர்வில் தடம் 70 டிகிரியில் நிற்கும், எஃப்ஆர்-4 அதைத் தாங்கும். ஆனால் அருகில் மின்பகுளி கெப்பாசிட்டரோ வெப்பநிலை உணரியோ இருந்தால் 10 டிகிரியே நல்லது. இந்தச் சூத்திரத்தில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு: மின்னோட்டம் இரட்டிப்பானால் அகலத்தை இரட்டித்தால் போதாது, 2.6 மடங்கு ஆக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், உங்கள் முதல் பலகை தோற்றதற்கு வெப்பம் காரணம் இல்லை என்றே கருதுகிறேன். 0.25 மி.மீ. தடத்தில் 1.5 ஆம்பியர் ஓடினால் அதே சூத்திரப்படி சுமார் 34 டிகிரி ஏறும், கைக்குச் சுடும், ஆனால் எதுவும் கெட்டுவிடாது. ரீசெட் ஆனதற்கான விடை தடத்தின் மின்தடையில் இருக்கிறது. 35 மைக்ரான் செம்பில் ஒரு சதுரத்தின் மின்தடை ஏறத்தாழ அரை மில்லிஓம். அந்தச் சதுரம் 1 மி.மீ. பக்கம் கொண்டதா 1 செ.மீ. பக்கம் கொண்டதா என்பது பொருட்டல்ல, ஏனெனில் நீளம் கூடும் அளவுக்கு அகலமும் கூடிவிடுகிறது. எனவே நீளத்தை அகலத்தால் வகுத்து, எத்தனை சதுரம் என்று எண்ணினால் போதும். உங்கள் 80 மி.மீ. தடத்தில் 320 சதுரங்கள் இருக்கின்றன, ஆகவே 160 மில்லிஓம். மோட்டார் ஓடும்போது 0.24 வோல்ட் இழப்பு, அது பரவாயில்லை. தொடங்கும் கணத்தில் 6 ஆம்பியருக்கு 0.96 வோல்ட். மைக்ரோகன்ட்ரோலரின் கிரவுண்ட் அந்தத் தடத்தின் மறுமுனையில் இருப்பதால், ரெகுலேட்டர் 5 வோல்ட் கொடுத்தாலும் அதற்குக் கிடைப்பது 4.04 வோல்ட்தான். நீங்கள் வைத்த எல்லை 4.3. ரீசெட் ஆகாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

இதையே புதிய பலகைக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மோட்டார்களும் ஒரே நேரத்தில் தொடங்கினால் 12 ஆம்பியர். வெப்பக் கணக்குப்படி போதுமான 0.9 மி.மீ. தடத்தில் 89 சதுரங்கள், 44 மில்லிஓம், இழப்பு 0.53 வோல்ட். மைக்ரோகன்ட்ரோலருக்கு 4.47 மிஞ்சும், அதாவது மயிரிழையில் தப்பும், கோடைக்காலத்தில் ஒருநாள் தப்பாமலும் போகும், ஏனெனில் செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 விழுக்காடு ஏறும். 3 மி.மீ. வைத்தால் இழப்பு 0.16 வோல்ட்டாகச் சுருங்கும். அதைவிட நல்ல வழி, மோட்டாரின் திரும்பு பாதையையும் மைக்ரோகன்ட்ரோலரின் கிரவுண்டையும் நுழைவாய்க் கெப்பாசிட்டரின் அருகில் மட்டும் சந்திக்க விடுவது. அப்படிச் செய்தால் மோட்டார் எவ்வளவு இழந்தாலும் மைக்ரோகன்ட்ரோலர் அதை உணராது.

---

வெள்ளீயம் மறுமொழி:

மேலே நண்பர் சொன்னதோடு உடன்படுகிறேன், உள் அடுக்கு பற்றிய இடத்தைத் தவிர. இந்தப் பலகையில் அது பயன்படாது என்றாலும், நான்கு அடுக்குப் பலகை வரைபவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். 0.024 என்ற உள் அடுக்கு மாறிலி அளந்து பெற்றதல்ல. 1950-களில் அமெரிக்காவில் வெளித் தடங்களில் செய்த அளவீடுகளை எடுத்து, பாதுகாப்புக்காக மின்னோட்டத்தைப் பாதியாக்கி வைத்தார்கள், அதுவே பல பத்தாண்டுகள் சட்டம் போல நிலைத்துவிட்டது. 2009-இல் வந்த ஐபிசி-2152 தரநிலை புதிதாக அளந்த தரவுகளைக் கொண்டது. அதன்படி உள் தடம் வெளித் தடத்தைவிடப் பெரிதாகச் சூடாவதில்லை. காரணம் எளிது: அசையாத காற்றைவிட எஃப்ஆர்-4 பத்து மடங்குக்கு மேல் நன்றாக வெப்பம் கடத்தும். அருகில் செம்புத் தளம் ஒன்று இருந்தால் வெப்பம் அதில் பரவி இன்னும் குறையும். எனவே பழைய சூத்திரம் தரும் அகலம் பெரும்பாலும் தேவைக்கு மேற்பட்டதாகவே இருக்கும். இடம் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், இடம் இல்லாத இடத்தில் மட்டும் புதிய வரைபடங்களைத் தேடுங்கள்.

அகலமான தடம் வரைந்த பிறகு பலரும் கோட்டை விடும் இடம் வயா, அதாவது அடுக்குகளை இணைக்கும், உட்சுவரில் செம்பு படிந்த துளை. மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்குக்கு 3 ஆம்பியரை ஒரே 0.3 மி.மீ. துளை வழியாக இறக்கிவிடுவார்கள். துளைச் சுவரில் 20 மைக்ரான் செம்பு படிந்திருந்தால், அதன் குறுக்குவெட்டு 35 மைக்ரான் செம்பில் 0.57 மி.மீ. அகலமுள்ள தடத்துக்கு இணையாகும். எனவே 1.4 மி.மீ. தடத்துக்கு மூன்று வயாக்களாவது வேண்டும், 3 மி.மீ. தடத்துக்கு ஐந்தாறு வைக்கலாம். வயாவுக்குத் தனியாகக் காசு இல்லை, தாராளமாக இருங்கள்.

தடத்தின் மேலுள்ள சோல்டர் மாஸ்க்கை (பலகையை மூடும் மெல்லிய பாதுகாப்புப் பூச்சை) நீக்கி, சோல்டரைத் தடிமனாகப் பூசினால் மின்னோட்டம் கூடுதலாகப் போகும் என்ற யோசனையும் இங்கே அடிக்கடி வருகிறது. பொய்யில்லை, ஆனால் சோல்டரின் மின்தடை செம்பைவிட ஏழெட்டு மடங்கு அதிகம். கால் மி.மீ.க்கு மேல் சீராகப் பூசினால்தான் அந்த 35 மைக்ரான் செம்புக்குச் சமமான பயன் கிடைக்கும், கையால் பூசும்போது அந்தச் சீர்மை வராது. அதே இடத்தில் ஒரு செம்புக் கம்பியை வைத்துச் சோல்டர் செய்வது எவ்வளவோ மேல்.

இன்னொன்று: ஃபியூஸ் எரிவதற்கு முன் தடம் எரியக்கூடாது. 5 ஆம்பியர் தடத்துக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தால், பழுதின்போது தடமே ஃபியூஸாகிவிடும்.

---

பலகைப்பட்டறை மறுமொழி:

பலகை செய்யும் பக்கத்திலிருந்து சில சொற்கள். 0.15 மி.மீ. என்று நீங்கள் பார்த்த எண் மின்சாரத்தைப் பற்றியதே அல்ல. 35 மைக்ரான் செம்பில், கூடுதல் செலவின்றி, இவ்வளவு மெல்லிய தடத்தையும் இடைவெளியையும் அரித்து எடுக்க முடியும் என்று தொழிற்கூடம் சொல்லும் எல்லை அது. எட்சிங் திரவம் கீழ்நோக்கி மட்டும் அரிப்பதில்லை, பக்கவாட்டிலும் அரிக்கும். ஆகவே தடத்தின் குறுக்குவெட்டு செவ்வகமாக இராது, மேலே குறுகி அடியில் விரிந்த சரிவகமாக இருக்கும். செம்பு தடிக்கத் தடிக்க இந்தப் பக்க அரிப்பும் கூடும். 70 மைக்ரான் செம்பு கேட்டீர்களானால் தட அகலம் பாதியாகும் என்பது உண்மை, ஆனால் குறைந்தபட்ச இடைவெளி 0.2 மி.மீ. அளவுக்கு உயர்ந்துவிடும். பலகையில் நெருக்கமான கால்கள் உள்ள ஐசி இருந்தால் அது இடிக்கும்.

எல்லை எண்ணை இலக்காகக் கொள்ளாதீர்கள். இடம் இருக்கும்போது சிக்னல் தடங்களுக்கு 0.25 மி.மீ. அகலமும் அதே அளவு இடைவெளியும் வையுங்கள். ஐசியின் காலை நெருங்கும் இடத்தில் மட்டும் தடத்தைக் குறுக்கிக்கொள்ளலாம். இரண்டு மூன்று மி.மீ. நீளத்துக்குக் குறுகினால் வெப்பம் இருபுறமும் உள்ள அகலமான செம்புக்குள் ஓடிவிடும். பலர் அந்த ஒரு காலுக்காகத் தடம் முழுவதையும் மெலிதாக்கி விடுகிறார்கள். வேக சிக்னல்கள் இந்தப் பலகையில் இல்லை என்பதால் அவற்றின் தடங்களுக்குத் தேவைப்படும் 50 ஓம் மின்மறுப்புக் கணக்குகளுக்குள் போகவில்லை. 1.6 மி.மீ. இரண்டு அடுக்கில் அதற்கு ஏறத்தாழ 3 மி.மீ. அகலம் வேண்டும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், அங்கே அகலத்தை ஆள்வது ஆம்பியர் அல்ல.

---

மின்தொடக்கம் மறுமொழி:

மிக்க நன்றி. பழைய பலகையை எடுத்து, அந்தத் தடத்தில் 1 ஆம்பியரைச் செலுத்தி இரு முனைகளுக்கும் இடையே அளந்தேன். 0.17 வோல்ட் வந்தது. கணக்கிட்ட 160 மில்லிஓமுக்கு இவ்வளவு அருகில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மோட்டார் பாதையை 3 மி.மீ. ஆக்கி, கிரவுண்டைப் பிரித்துவிட்டேன்.

ஹீட்டர் பக்கத்துக்கு 10 டிகிரிக் கணக்கில் 2.8 மி.மீ. அகலம் வந்தது, அதை 3 ஆக வைத்தேன். இப்போது இடைவெளிதான் மிச்சம். ஐபிசி-2221-இன் அட்டவணையில் 301 முதல் 500 வோல்ட் வரை, பூச்சில்லாத வெளித் தடங்களுக்கு 2.5 மி.மீ. என்றும், நிலையான பூச்சு உள்ளவற்றுக்கு 0.8 மி.மீ. என்றும் இருக்கிறது. 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட் என்பதால் அந்த வரிசையை எடுத்தேன். சோல்டர் மாஸ்க் எப்படியும் இருக்கிறது, எனவே 230 வோல்ட் தடத்துக்கும் 5 வோல்ட் பகுதிக்கும் இடையே 0.8 மி.மீ. விடலாம் அல்லவா? ரிலேயைச் சுற்றி இடம் மிகவும் நெருக்கமாக இருக்கிறது.

---

காப்பிடை மறுமொழி:

விடக்கூடாது. இந்த இழையில் இதுவரை பேசியவற்றில் தவறு நேர்ந்தால் பலகை கெடும், இதில் தவறு நேர்ந்தால் அதைத் தொடுபவர் உயிருக்கே ஆபத்து என்பதால், சற்று விரிவாக எழுதுகிறேன்.

உச்ச மின்னழுத்தத்தைக் கொண்டு வரிசையைத் தேர்ந்தது சரி. ஆனால் அந்த அட்டவணை, இரண்டு கடத்திகளுக்கு இடையே பொறி பறந்து சுற்று வேலை செய்யாமல் போவதைத் தடுப்பதற்காக எழுதப்பட்டது. மனிதர் தொடக்கூடிய பகுதியை மின்னிணைப்பிலிருந்து பிரிக்கும் காப்பு அதன் நோக்கம் அல்ல. அதற்கு ஐஇசி 60664-1 என்ற தரநிலையையும், அதைப் பின்பற்றி ஒவ்வொரு வகைக் கருவிக்கும் எழுதப்பட்ட தரநிலைகளையும் பார்க்க வேண்டும். அவற்றில் சோல்டர் மாஸ்க் காப்பாகக் கணக்கில் வராது. அது மெல்லியது, கீறக்கூடியது, ஊசித் துளைகள் இருக்கக்கூடியது. எனவே 0.8 மி.மீ. என்ற எண்ணை மறந்துவிடுங்கள்.

அங்கே இரண்டு தொலைவுகளைத் தனித்தனியே பார்ப்பார்கள். ஒன்று காற்றின் வழியே நேராக உள்ள தொலைவு, மின்னிணைப்பில் கணநேரம் பாயும் உயர் அழுத்தத்தைத் தாங்குவதற்காக. மற்றது பலகையின் பரப்பை ஒட்டிச் செல்லும் தொலைவு. தூசியும் ஈரமும் படிந்த பரப்பில் சிறிய கசிவு ஓடி, நாளடைவில் பலகையைக் கரியாக்கி, அந்தக் கரியே பாதையாகிவிடும். அது நேராமல் காப்பதற்காக இந்தத் தொலைவு. சாதாரண எஃப்ஆர்-4, வீட்டுக்குள் உள்ள இயல்பான தூசி, 250 வோல்ட் வரையிலான வேலை அழுத்தம் ஆகியவற்றுக்குப் பரப்புவழித் தொலைவு அடிப்படைக் காப்புக்கு 2.5 மி.மீ., வலுவூட்டிய காப்புக்கு (இரட்டைக் காப்புக்கு இணையானது) 5 மி.மீ. பிளக்கில் செருகிப் பயன்படுத்தும் வழக்கமான கருவிக்குக் காற்றுவழித் தொலைவு முறையே 1.5 மற்றும் 3 மி.மீ. உங்கள் 5 வோல்ட் பகுதியில் பொத்தானோ, உணரிக் கம்பியோ, யூஎஸ்பி துளையோ இருந்தால் அது மனிதர் தொடும் பகுதி. அங்கே வலுவூட்டிய காப்புதான் வேண்டும். பலகை செய்வதில் வரும் பிசகுக்கும் இடம் விட்டுத்தான் பலர் 6 மி.மீ. வைக்கிறார்கள், 8 வைப்பவர்களும் உண்டு. நீங்கள் கேள்வியில் எழுதிய 6 மி.மீ. இப்படி வந்ததாகத்தான் இருக்கும். ஹீட்டர் உள்ள கருவி என்பதால், அந்த வகைக் கருவிக்குரிய தரநிலை இன்னும் கூடுதலாகக் கேட்கிறதா என்று பாருங்கள்.

230 வோல்ட்டின் இரு கம்பிகளுக்கும் நடுவே 3 மி.மீ. விட்டால் போதும். ஃபியூஸுக்கு முந்தைய பகுதியில் மட்டும் இதில் சற்றும் குறைக்காதீர்கள், ஏனெனில் அங்கே குறுக்குச் சுற்று நேர்ந்தால் அணைக்க பலகையில் எதுவும் இல்லை.

ரிலேயைச் சுற்றி நெருக்கம் என்கிறீர்கள். மலிவான சிறு கனசதுர ரிலேக்கள் பலவற்றில் சுவிட்ச்சின் பொதுமுனை காயிலின் (ரிலேயை இயக்கும் கம்பிச் சுருளின்) இரண்டு கால்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். அப்படியானால் நீங்கள் பலகையை எவ்வளவு நன்றாக வரைந்தாலும், பேடுகளுக்கு இடையே 5 மி.மீ. கிடைக்கவே கிடைக்காது. காயில் கால்கள் ஒரு கோடியிலும் சுவிட்ச் கால்கள் மறுகோடியிலும் உள்ள ரிலேயைத் தேர்ந்தெடுங்கள், தரவுத்தாளில் காயிலுக்கும் சுவிட்சுக்கும் இடையே வலுவூட்டிய காப்பு என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். பலகையில் வெட்டுத் துளை போடுவது உதவும், ஆனால் எதற்கு உதவும் என்பதில் தெளிவு வேண்டும். பரப்பை ஒட்டிய பாதை அந்த வெட்டைச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் பரப்புவழித் தொலைவு கூடும். காற்று வெட்டின் குறுக்கே நேராகத் தாண்டிவிடும், எனவே காற்றுவழித் தொலைவு இம்மியும் மாறாது. வெட்டு 1 மி.மீ.க்குக் குறையாத அகலத்தில் இருந்தால்தான் அதுவும் கணக்கில் வரும்.

---

மின்தொடக்கம் மறுமொழி:

நான் வைத்திருந்த ரிலேயைத் திருப்பிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன வகைதான், நடுக்கால் காயில் கால்களுக்கு இடையில் இருக்கிறது. கால்கள் இரு கோடியிலும் பிரிந்துள்ள நீளமான ரிலேக்கு மாற்றிவிட்டேன். அதற்கும் 5 வோல்ட் பகுதிக்கும் இடையே 8 மி.மீ. கிடைக்கிறது. கிரவுண்ட் செம்பை 230 வோல்ட் பகுதிக்குக் கீழே இரண்டு அடுக்கிலும் நீக்கிவிட்டேன். இதற்கு மேல் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

---

காப்பிடை மறுமொழி:

பலகையை மாட்டும் திருகுகளைப் பாருங்கள். வரைபடத்தில் தெரிவது 3 மி.மீ. துளை மட்டும். ஆனால் அதில் ஏறும் திருகின் தலையும் வாஷரும் 6 அல்லது 7 மி.மீ. விட்டம் உடையவை, திருகு உலோகப் பெட்டியைத் தொடும். 230 வோல்ட் தடத்திலிருந்து அளக்கும் தொலைவு துளையின் விளிம்பு வரை அல்ல, வாஷரின் விளிம்பு வரை இருக்க வேண்டும். மென்பொருளின் விதிச் சோதனை வாஷரை அறியாது. துளையைச் சுற்றி அந்த விட்டத்தில் ஒரு வட்டம் வரைந்து, அதிலிருந்து இடைவெளியை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.